ஊரின் கேள்வி பாசறைக்குப் போகும் வழி

1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எந்தெந்த ஊர்கள் சேரும் என்பதை முடிவு செய்தது ஒரு பீரங்கி. கோட்டையிலிருந்து சுட்ட குண்டு போய் விழும் தொலைவுக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். கடலூரைச் சுற்றியுள்ள அந்த ஊர்களுக்குக் ‘குண்டுக் கிராமங்கள்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஊர்களில் உழுதவர்களையும் நெய்தவர்களையும் வலை வீசியவர்களையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது கம்பெனியின் தலைமையிடம் இங்கே வந்தது. 1752 வரை சோழமண்டலக் கரையின் ஆங்கில ஆட்சி கடலூரிலிருந்துதான் நடந்தது. 1748 ஜனவரியில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் இந்தக் கோட்டைக்கு வந்து, சிதறிக் கிடந்த காவல் கூட்டத்தை ஒழுங்கான படையாகத் திரட்டத் தொடங்கினார். இந்தியத் தரைப்படையின் தந்தை என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுவதற்குக் காரணம் அந்தப் பணிதான். இன்று வெலிங்டனில் பயிற்சி மையம் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கத்தை 1758இல் வைக்கிறது. அதே ஆண்டில் லாலியின் பிரெஞ்சுப் படை புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றி இடித்தது.

சிதம்பரத்தின் கதையும் இதுதான். கர்நாடகப் போர்களின் காலத்தில் நடராசர் கோயிலின் மதில்கள் கோட்டைச் சுவர்களாகப் பயன்பட்டன. படைகள் மாறி மாறி உள்ளே தங்கின. 1781 ஜூன் 18 அன்று ஆங்கிலத் தளபதி அயர் கூட் அங்கிருந்த ஹைதர் அலியின் காவல் படையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றார். இரண்டு ஆண்டு கழித்து, 1783இல், கடலூரே முற்றுகைக்கு உள்ளானது. இந்திய ராணுவ வரலாற்றில் இந்த மாவட்டத்துக்கு இவ்வளவு பக்கங்கள் இருந்தும், படையிடம் ஊர் தன் பேச்சைச் சொன்ன பக்கம் ஒன்றுகூட இல்லை.

முடியாட்சியும் கம்பெனியாட்சியும் போய் மக்களாட்சி வந்தபின் இந்த நிலை மாறியிருக்க வேண்டும். மாறுவதற்கான ஒரு வழியும் உலகில் உண்டு: படைப் பயிற்சி நிறுவனங்களோடு, சம்பளம் வாங்காத பொதுமக்கள் சிலரை ஆலோசகர்களாக உட்கார வைப்பது. நிறுவனத்தைப் பற்றி ஊருக்கும், ஊரைப் பற்றி நிறுவனத்துக்கும் எடுத்துச் சொல்வது அவர்கள் வேலை. இந்த இரண்டில் முதல் பாதி எங்கும் எளிதாக நடந்துவிடுகிறது. இரண்டாவது பாதிதான் தொலைந்துபோகிறது. நம் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. கடலூர் போன்ற ஒரு மாவட்டத்தில் அது ஏன் வந்து சேரவில்லை, வந்து சேர என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வெளிநாடுகளின் இரண்டு வழிகள்

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகத்துக்கு ‘பார்வையாளர் குழு’ ஒன்று சட்டப்படி உண்டு. குடியரசுத் தலைவர் நியமிப்பவர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதில் இருப்பார்கள். கழகத்தின் ஒழுக்கம், மாணவர் மனநிலை, பாடத்திட்டம், கட்டடம், கணக்கு வழக்கு எல்லாவற்றையும் விசாரிக்கும் உரிமை அதற்கு இருக்கிறது. ஆண்டுதோறும் கழகத்தைப் பார்வையிட்ட அறுபது நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு எழுத்தில் அறிக்கை தர வேண்டும். இதைத் தவிர, தரைப்படைச் செயலரின் குடிமை உதவியாளர்கள் என்றொரு தன்னார்வலர் அமைப்பும் 1922இல் தொடங்கியது. தொழிலதிபர்கள், கல்வியாளர்கள், ஊர்ப் பெரியவர்கள் ஊதியமின்றி அந்தந்த மாநிலத்தில் ராணுவத்தின் முகமாக நிற்பார்கள். முதல் அமைப்பு கேள்வி கேட்பதற்கு. இரண்டாவது நல்லெண்ணம் வளர்ப்பதற்கு.

இதன் பலவீனமும் வெளிப்படையாகவே தெரிந்துவிட்டது. 2021 செப்டம்பரில் பைடன் நிர்வாகம், முந்தைய ஆட்சி ராணுவக் கழகங்களின் பார்வையாளர் குழுக்களில் அமர்த்தியவர்களை விலகச் சொன்னது, விலகாதவர்களை நீக்கியது. மீண்டும் பதவிக்கு வந்த டிரம்ப், பைடன் அமர்த்தியவர்களை 2025 பிப்ரவரியில் நீக்கினார். மேலிருந்து நியமிக்கப்படும் ஆலோசகர் மேலே ஆள் மாறினால் போய்விடுவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஜெர்மனி வேறு வழியில் போனது. ஹிட்லரின் போருக்குப் பிறகு புதிய படையை அமைத்தபோது, சிப்பாய் என்பவர் சீருடை அணிந்த குடிமகன் என்ற கொள்கையை அடித்தளமாக வைத்தார்கள். அந்தக் கொள்கை படைக்குள் உண்மையில் நடைமுறையில் இருக்கிறதா என்று பாதுகாப்பு அமைச்சருக்கு எடுத்துச் சொல்ல 1958இல் ஒரு ஆலோசனைக் குழு வந்தது. சமயம், தொழிற்சங்கம், பல்கலைக்கழகம், பத்திரிகை போன்ற துறைகளிலிருந்து வந்தவர்கள் அதில் ஊதியமில்லாமல் இருக்கிறார்கள். படையைப் புகழ்ந்து பேசுவது அவர்கள் வேலையே இல்லை. படையின் உள் வாழ்க்கை மக்களாட்சியோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் விதை விழுந்த இடம்

நம் நாட்டில் இவ்வகை அமைப்பு முளைத்தது ஆள் சேர்ப்பு மண்ணில். முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, 1917இல் மத்திய ஆள் சேர்ப்பு வாரியம் அமைந்தது. மாகாணங்களிலும் மாவட்டங்களிலும் நிலக்கிழார்களும் அரசாங்கத்துக்கு வேண்டியவர்களும் இந்தப் பணியில் இறங்கினார்கள். பட்டங்களும் சன்மானங்களும் கைமாறின. போர் முடிந்ததும் 1919இல் அந்த வாரியம் இந்தியப் போர்வீரர் வாரியமாக மாறியது. படையில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், இறந்தவர் குடும்பம் ஆகியோரைப் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழு அது. 1975இல் கேந்திரிய சைனிக் போர்டு என்ற பெயர் வந்தது. அதன் மாவட்டக் கிளையைத்தான் இன்று ஆட்சியர் அலுவலகத்தின் வழியாக முன்னாள் படைவீரர் நலத்துறை என்று அறிகிறோம்.

இந்த வாரியம் பயனற்றது என்று யாரும் சொல்ல முடியாது. கடலூர் ஆட்சியர் தலைமையில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஓய்வூதியம், பட்டா, பிள்ளைகளின் படிப்பு உதவி என்று மனுக்கள் வரும். டிசம்பர் 7 கொடிநாள் வசூல் இதே துறையின் பொறுப்பு. அந்த நாளைக் கடைப்பிடிக்கும் முடிவு 1949 ஆகஸ்டில் எடுக்கப்பட்டது. ஆனால் இந்த அமைப்பின் பார்வை சீருடையைக் கழற்றியவர் பக்கமே திரும்பியிருக்கிறது. சீருடை போடப் போகிற பிள்ளையைப் பற்றியும், அந்தப் பிள்ளையை அனுப்பும் தாயைப் பற்றியும் பேச அங்கே இடமில்லை. கொடிநாளில் பொதுமக்களிடம் கேட்பது காசு மட்டுமே, கருத்து கேட்பதில்லை.

இரண்டாவது விதை நல்ல மண்ணில் விழுந்தது. கல்லூரிகளில் 1917 முதலே ஒருவகைப் படைப்பயிற்சி இருந்தது. 1920க்குப் பிறகு அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படை என்று ஆயிற்று. விடுதலைக்குச் சற்று முன், 1946-47இல், எச்.என். குன்ஸ்ரு தலைமையிலான குழு நாடு தழுவிய மாணவர் படையைப் பற்றி ஆராய்ந்தது. குன்ஸ்ரு சிப்பாயும் அல்ல, அதிகாரியும் அல்ல. பொது வாழ்வில் இருந்த மிதவாதி. அவர் குழுவின் பரிந்துரையில் 1948இல் தேசிய மாணவர் படை (என்.சி.சி.) சட்டம் வந்தது. என்.சி.சி. மாணவரைப் போருக்கு அனுப்பும் கடப்பாடு எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. பாதுகாப்பு அமைச்சர் தலைமையில் மத்திய ஆலோசனைக் குழு ஒன்றை அது கட்டாயமாக்கியது. அதில் செயலர்களும் படைத் தளபதிகளும் மட்டுமின்றி, அரசு சாரா உறுப்பினர்களுக்கும் நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களுக்கும் இடம் உண்டு. மாநில அளவிலும் இப்படி ஆலோசனைக் குழு அமைக்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது.

எனவே, படைப் பயிற்சி நிறுவனத்தின் கொள்கையைப் பற்றிப் பொதுமக்கள் ஆலோசனை சொல்வது நமக்கு அந்நியமான யோசனை அல்ல. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலிகள் தில்லியிலும் சென்னையிலும் போடப்பட்டவை. மாவட்டம் என்ற படி அந்தச் சட்டத்தில் இல்லை. பரேடு நடப்பதோ மாவட்டத்தில்தான்.

சிதம்பரம் சொன்ன பாடம்

கீழே ஒரு நாற்காலி இல்லாததன் விலை என்ன என்பதை 1960கள் காட்டின. 1962இன் சீனப் போர்த் தோல்விக்குப் பிறகு, 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமானது. சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கியதும் அதே ஆண்டில். 1988இல் அது அதிகாரிகள் பயிற்சிக் கழகம் எனப் பெயர் மாறியது. நாட்டுப் பாதுகாப்பு என்ற பேரில் ஒரு தலைமுறை மாணவர்களை மைதானத்தில் நிறுத்தியபோது, எந்த மொழியில் ஆணை இட வேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆணைகள் இந்தியில் வந்தன.

தமிழ்நாட்டின் மொழிப் போராட்டம் உச்சத்துக்குப் போனது அந்த ஆண்டுகளில்தான். 1965 ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாணவர் ராஜேந்திரன் இறந்தார். அண்ணாமலைநகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சாவுக்கும் என்.சி.சி.க்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் வகுப்பறையில் இந்தியை எதிர்த்துக்கொண்டிருந்த மாநிலத்தில், அதே தலைமுறை மைதானத்தில் ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்ற ஆணைகளுக்குக் காலை அசைக்க வேண்டியிருந்தது. இந்த முரண் எப்படிப் புகையும் என்பதை உணர்வதற்கு உளவுத்துறை வேண்டாம். சிதம்பரத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும்.

யாரும் கேட்கவில்லை. கேள்வி சட்டமன்றத்துக்குப் போனது. 1968 ஜனவரி 23 அன்று அண்ணா தலைமையிலான அரசு நிறைவேற்றிய மொழித் தீர்மானம் இருமொழிக் கொள்கையை ஏற்றது, கூடவே என்.சி.சி.யில் இந்தி ஆணைகளை ஒழிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஒரு மாவட்டக் குழுவின் மேசையில் பேசி, மேலே அனுப்பி, தீர்த்திருக்கக்கூடிய ஒன்று மத்திய-மாநில மோதலின் பட்டியலில் ஏறியது. அதே 1968இல் நாடு முழுவதும் என்.சி.சி. மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் மாற்று வழியாக வந்தது. இன்றும் தமிழ்நாட்டு மைதானங்களில் ஆணை இந்தியில்தான் ஒலிக்கிறது. பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள் என்பதால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக ஆகாது.

இந்தக் காலத்துச் சான்றுகள்

2022 ஜூன் 14 அன்று அக்னிபாத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுப் பணி, முடிவில் கால் பங்கினருக்கு மட்டுமே தொடர்ச்சி. கொரோனாவால் இரண்டு ஆண்டு ஆள் சேர்ப்பு நின்றிருந்ததால் வயது கடந்து தவித்த இளைஞர்கள் வட மாநிலங்களில் தெருவுக்கு வந்தார்கள், ரயில்கள் எரிந்தன. சில நாளுக்குள் அந்த ஆண்டுக்கு மட்டும் உச்ச வயது 21இலிருந்து 23ஆக உயர்ந்தது. ‘இரண்டு வருஷம் காத்திருந்த என் பையனுக்கு வயசு போயிருச்சே, அவன் என்ன செய்வான்?’ என்பது எந்த ஊரில் எந்தத் தாயும் கேட்கும் முதல் கேள்வி. அறிவிப்புக்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடிய ஒரு சபை இல்லை.

இன்னொரு சான்று இன்னும் கசப்பானது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில், என்.சி.சி. பெயரைச் சொல்லி நடந்த போலி முகாமில் ஒரு பள்ளிச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அந்தப் பள்ளியில் தங்கள் பிரிவே இல்லை என்று என்.சி.சி. நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. விளக்கம் உண்மைதான், ஆனால் அது நடந்து முடிந்த பிறகு வந்தது. எந்தப் பள்ளியில் உண்மையான என்.சி.சி. இருக்கிறது, முகாமை யார் நடத்தலாம், பெண் பிள்ளைகளோடு யார் தங்க வேண்டும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு பெற்றோருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. சீருடையின் மேல் மக்கள் வைத்திருக்கும் மரியாதையைத்தான் அந்தக் குற்றவாளிகள் மூலதனமாக்கினார்கள். படையைப் பற்றிப் பொதுமக்களுக்குத் தெரியப்படுத்துவது ஆடம்பர விளம்பரம் அல்ல, பிள்ளைகளின் பாதுகாப்பு என்பதற்கு இது ஒன்றே போதும்.

கடலூருக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 2020இல் நாட்டின் 173 எல்லை, கடலோர மாவட்டங்களில் ஒரு லட்சம் மாணவர்களைப் புதிதாக என்.சி.சி.யில் சேர்க்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கடலோரத்தில் பயிற்சிக்குக் கடற்படை துணை நிற்கும் என்றார்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டை, கிள்ளை என நீளும் இந்தக் கரையில் கடற்படை என்பது வெறும் பரேடு விஷயம் இல்லை. 2004 சுனாமியில் இந்த மாவட்டம் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. தமிழ்நாட்டுக் கரையில் மீட்புப் பணியைக் கடற்படை ‘மதத்’ என்ற பெயரில் நடத்தியது. 2011இல் தானே புயல், 2015இல் வெள்ளம். சீருடைக்காரரை இங்குள்ள மக்கள் நெருங்கிப் பார்ப்பது பெரும்பாலும் பேரிடரில்தான். புயல் வரும் ஊரில் ஒரு கேடட்டுக்கு முதலில் கற்றுத் தர வேண்டியது என்ன என்று மீனவப் பஞ்சாயத்தைக் கேட்டால், துப்பாக்கிப் பயிற்சிக்கு முன்னால் வேறு சில பாடங்களை அவர்கள் சொல்லக்கூடும்.

பிரபலங்களின் குழுவும் ஊரின் குழுவும்

அரசு ஆலோசனையே கேட்பதில்லை என்று சொல்வது நியாயமல்ல. 2021 செப்டம்பரில் என்.சி.சி.யைச் சீரமைக்கப் பாதுகாப்பு அமைச்சகம் உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. அப்போது முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பைஜயந்த் பாண்டா தலைவர். மகேந்திர சிங் தோனி, ஆனந்த் மகிந்திரா, பல்கலைக்கழகத் துணைவேந்தர்கள் உறுப்பினர்கள். அதே ஆண்டு நவம்பரில் ஜான்சியில் என்.சி.சி. முன்னாள் மாணவர் சங்கம் தொடங்கியது. பிரதமரே முதல் உறுப்பினர். இவற்றால் என்.சி.சி.க்குக் கவனமும் பெருமையும் கிடைத்தன. ஆனால் புவனகிரியிலிருந்தோ காட்டுமன்னார்கோவிலிலிருந்தோ வரும் கேள்வி எந்த வழியாக அந்த மேசைக்கு ஏறும் என்பதற்கு அங்கே விடை இல்லை.

இன்றைக்கு அந்த வழியாக இருப்பவர் ஒரே ஒருவர்: என்.சி.சி.யைப் பார்த்துக்கொள்ளும் பள்ளி, கல்லூரி ஆசிரியர். காலையில் பரேடு, பகலில் பாடம், விடுமுறையில் முகாம். சிற்றுண்டிக் கணக்கிலிருந்து சீருடை அளவு வரை அவர் தலையில். ‘சி’ சான்றிதழ் வாங்கினால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேர்முகத் தேர்வு வழியாகப் பரங்கிமலைக்குப் போகலாம் என்ற செய்தியை ஒரு விவசாயக் கூலியின் மகளிடம் சொல்பவரும் அவரே. அவள் அப்பா வீட்டில் எழுப்பும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்பவரும் அவரே. பொதுமக்கள் தொடர்பு என்ற பெரிய சொல்லின் முழு எடையையும் சுமக்கும் அந்த ஆசிரியர், படையின் ஒழுங்குக்கு உட்பட்டவர். மேலே குறை சொல்வது அவருக்குச் சங்கடம். அவருக்குத் துணையாக, எந்தப் பதவியும் போய்விடாத சில பொதுமக்கள் நிற்க வேண்டும்.

எதிர்வாதங்கள் மூன்று. முதலாவது, படை விஷயத்தில் ஊர்க்காரருக்கு என்ன தெரியும் என்பது. போர்த் தந்திரத்தை யாரும் கேட்கப்போவதில்லை. பிள்ளையின் பாதுகாப்பு, உணவு, மொழி, படிப்பு, வேலை ஆகியவற்றில் ஊர்க்காரரை விடத் தெரிந்தவர் யாருமில்லை. இரண்டாவது, அரசியல் புகுந்துவிடும் என்பது. அமெரிக்க அனுபவம் இந்த அச்சம் மெய் என்றே காட்டுகிறது. அதனால்தான் நியமனத்தை ஒரே கையில் கொடுக்கக் கூடாது. மூன்றாவதுதான் வலுவானது: ஆட்சியர் அலுவலகத்தில் ஏற்கெனவே எத்தனையோ குழுக்கள்; டீயும் பிஸ்கட்டுமாக முடியும் கூட்டங்களில் இன்னொன்று எதற்கு? இதற்கு ஒரே பதில், குழுவின் வேலையை எழுத்தில் கட்டிவைப்பது.

அப்படியானால் கடலூர் மாவட்டக் குழு எப்படி இருக்கலாம்? பதினொரு பேர் போதும். இரண்டு பெற்றோர், அவர்களில் ஒருவர் தாய். என்.சி.சி. ஆசிரியர் இருவர், ஒருவர் பள்ளியிலிருந்தும் ஒருவர் கல்லூரியிலிருந்தும். கரையோர ஊரிலிருந்து ஒருவர், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்து உள்நாட்டு ஊரிலிருந்து ஒருவர். முன்னாள் படைவீரர் ஒருவர், கேடட்டாக இருந்த பெண் ஒருவர், குழந்தைகள் உரிமை அறிந்த வழக்கறிஞர் ஒருவர், மருத்துவர் ஒருவர், உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர். பெயர்களைக் கல்வித்துறை, உள்ளாட்சி, முன்னாள் படைவீரர் சங்கங்கள் தனித்தனியே பரிந்துரைக்கட்டும். பதவிக்காலம் இரண்டு ஆண்டு, மறுமுறை கிடையாது. ஆள் சேர்ப்பிலும் கொடிநாள் வசூலிலும் இந்தக் குழு கை வைக்கக் கூடாது. வைத்தால் 1917க்கே திரும்பிவிடுவோம். கூட்ட நடவடிக்கைகள் தமிழில், பொதுவில் ஒட்டப்பட வேண்டும். குழு எழுப்பும் கேள்விக்கு என்.சி.சி. தரப்பு அறுபது நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் ‘முடியாது’ என்பதாகக்கூட இருக்கலாம். ஆனால் காரணம் இருக்க வேண்டும்.

முதல் கூட்டத்துக்கான வேலைகள் இப்போதே தெளிவு. உண்மையான என்.சி.சி. பிரிவு உள்ள பள்ளி, கல்லூரிகளின் பட்டியலை வட்டம் வாரியாக வெளியிடுவது. முகாமுக்குப் போகும் பிள்ளையின் பெற்றோர் கையில் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு கொடுப்பது: யார் பொறுப்பு, யார் உடன் தங்குவார்கள், எந்த எண்ணில் புகார் சொல்வது. ஆணை மொழியைப் பற்றி மாணவர்களின் கருத்தைக் கேட்டு மாநிலக் குழுவுக்கு அனுப்புவது. கரையோரப் பயிற்சியில் புயல், வெள்ள மீட்புப் பாடத்தைச் சேர்க்கச் சொல்வது.

ஆலோசனை அளவில் நிற்கும் இந்தக் குழுவுக்குப் புதிய சட்டம் தேவைப்படாது. ஆட்சியரின் ஓர் ஆணையும், கேட்ட கேள்விக்குப் பதில் தருவோம் என்று என்.சி.சி. நிர்வாகம் எழுதித் தரும் ஓர் உறுதிமொழியும் போதும். இரண்டில் கடினமானது இரண்டாவதுதான். அந்த உறுதிமொழி கிடைக்காத குழு, பெயர் எதுவானாலும், ஆள் சேர்ப்பு வாரியத்தின் இன்னொரு பதிப்பாகவே முடியும். அப்படியொரு குழு அமைவதைவிட அமையாமலிருப்பதே நல்லது.